கோம்பைக்கு என்ன கோபம்?

கேள்வி: எங்கள் வீட்டில் கோம்பை நாய் வளர்க்கிறோம். ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறிப் போய் மாலையில் திரும்பினால் கதவெல்லாம் பிறாண்டல். செருப்பில் ஒன்று மாயம். பழிவாங்குகிறதா?
- ஒரு வாசகி, உத்தமபாளையம்

பதில்: பழிவாங்க அது சீரியல் பார்ப்பதில்லையே! பக்கத்துக் கோம்பையில் பிறந்து, மலையடிவாரத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் ஓடிய இனம். பகல் முழுக்க உள்ளே வைத்துப் பூட்டினால் கதவைத்தான் வேட்டையாடும்.

செருப்போடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் பொழுது போகவில்லை என்று அர்த்தம். நீங்கள் தெரு தாண்டுவதற்குள் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டினால், அது பிரிவுத் துயரம். சங்ககாலத் தலைவியே தாங்காத சங்கதி. விடியலில் நன்றாக ஓட விடுங்கள். லீவு நாளில் ஒரு நிமிடம் வெளியே போய் வாருங்கள். பிறகு ஐந்து, பத்து என்று மெல்லக் கூட்டுங்கள். திரும்பி வந்து அடிக்க வேண்டாம். காலையில் கடித்த செருப்புக்குத்தான் மாலையில் அடி என்று அதற்குப் புரியாது. அப்படியும் அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்று, கிளம்பும்போது சமாதானத்துக்குப் பன்னீர் திராட்சையைப் போட்டுவிடாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பத்துப் பெருமைதான். ஆனால் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.