திமிங்கிலத்துக்கு வந்த இடமாற்ற உத்தரவுகள்

உலகிலேயே அதிகம் பந்தாடப்பட்ட ஊழியர் யார் என்று ஒரு போட்டி வைத்தால் கோப்பை திமிங்கிலத்துக்குத்தான். பாவம், அது கடலை விட்டு ஓரடி நகர்ந்ததில்லை. ஆனால் மீன் இலாகாவுக்கும் பாலூட்டி இலாகாவுக்கும் நடுவே அதன் கோப்பு அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

முதல் அதிகாரி அரிஸ்டாட்டில். லெஸ்போஸ் தீவுக் கரையில் மீனவர்களின் வாயைக் கிளறியும், கையில் அகப்பட்டதை அறுத்துப் பார்த்தும், பிராணிகளை இரத்தம் உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்தார். இரத்தம் என்றால் சிவப்பாக இருக்க வேண்டும். நண்டு, கணவாய் உடம்பில் ஓடுவதெல்லாம் அவர் கணக்கில் சேராது. ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர். டால்பினும் திமிங்கிலமும் நுரையீரலால் மூச்சு விடுகின்றன, குட்டி போடுகின்றன, பாலும் கொடுக்கின்றன என்று கண்டுகொண்டு, மீனோடு சேர்க்காமல் தனி இனமாக உட்கார வைத்தார். கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே பிரச்சினை தீர்ந்தது. பின்னால் வந்தவர்கள் சும்மா இருந்திருந்தாலே போதும்.

இருந்தார்களா? 1735-இல் ஸ்வீடனிலிருந்து கார்ல் லின்னேயஸ் என்ற 27 வயது இளைஞர் டாக்டர் பட்டம் வாங்க ஹாலந்துக்குக் கிளம்பினார். போகும் வழியில் ஜெர்மனியின் ஹாம்பர்க். அங்கே நகரத் தலைவரிடம் ஏழு தலை நாகம் ஒன்று பாடம் செய்யப்பட்டு இருந்தது. பெரிய விலைக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்த சொத்து. லின்னேயஸ் அதன் வாயைப் பார்த்தார். ஏழு வாயிலும் பல் வரிசை கீரி மாதிரி ஒரு பிராணியின் பல் வரிசை. மேலே பாம்புத் தோல் ஒட்டியிருக்கிறது. மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத வயது, ஊரறியச் சொல்லிவிட்டார். நாகத்தின் விலை தரையில் விழுந்தது, லின்னேயஸ் மூட்டையைக் கட்டினார்.

அதே ஆண்டில் ‘சிஸ்டெமா நாத்துரே’ வெளிவந்தது. பத்துப் பன்னிரண்டு பெரிய பக்கங்களில் மொத்த இயற்கையும் அடக்கம். விலங்குகளுக்கு ஆறே பிரிவு: நாலுகால் பிராணிகள், பறவைகள், நீர்நில வாழ்விகள், மீன்கள், பூச்சிகள், புழுக்கள். ஏழு தலை நாகம், ஒற்றைக்கொம்புக் குதிரை, டிராகன் எல்லாவற்றுக்கும் ஓரமாக ஒரு தனிக் கட்டம் போட்டு, இவையெல்லாம் கட்டுக்கதை என்று போட்டு உடைத்தார். அந்தக் கூட்டத்தில் பெலிக்கன் பறவையையும் கொண்டுபோய் வைத்ததுதான் கொஞ்சம் அவசரம். தன் இரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது என்று யாரோ கதை கட்டியதற்காக ஒரு பறவையையே கட்டுக்கதை ஆக்குவது நியாயமா?

சிக்கல் ‘நாலுகால்’ என்ற தலைப்பில் தொடங்கியது. மனிதனை அதில் போட்டார். இரண்டு காலில் நடந்து போய்ச் சண்டை பிடித்தார்கள் படித்த பெருமக்கள். திமிங்கிலத்துக்கோ ஒரு கால்கூட இல்லை. உள்ளே விட வழியே கிடையாது. மீன் பகுதிக்கு நண்பர் பீட்டர் ஆர்டெடியின் முறையைத்தான் லின்னேயஸ் பின்பற்றினார். ஆர்டெடியின் பிரிவுகளில் ஒன்று, வால் படுக்கை வாட்டில் உள்ள மீன்கள். போதாதா? அரிஸ்டாட்டில் வெளியே எடுத்த திமிங்கிலம் மறுபடி மீனாயிற்று. பாடு பட்ட ஆர்டெடி அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் தவறி விழுந்து இறந்துபோனார். மீனைத் தெரிந்த அளவுக்கு அந்த மனிதருக்குத் தண்ணீர் தயவு காட்டவில்லை.

1758-இல் பத்தாம் பதிப்பு. விலங்குப் பகுதி மட்டுமே 800 பக்கத்தைத் தாண்டியிருந்தது. பிரான்சில் பிரிஸ்ஸோன் இரண்டு ஆண்டு முந்திக்கொண்டு திமிங்கிலத்தை மீனிலிருந்து பிரித்திருந்தார். லின்னேயஸும் இப்போது காலை விட்டுவிட்டு இதயத்தின் அறைகளையும் இரத்தத்தின் சூட்டையும் பாலையும் பிடித்துக்கொண்டார். பாலூட்டி என்ற பிரிவு பிறந்தது. மனிதன் நாலுகால் பட்டத்திலிருந்து தப்பினான், திமிங்கிலத்துக்கும் கதவு திறந்தது. சரியான யோசனை. கைதட்டலாம்.

ஆனால் பாலூட்டிகளை உள்ளே பிரிக்கும்போது மறுபடி பல்லைப் பிடித்துத் தொங்கினார். ஹாம்பர்க்கில் பல் கைகொடுத்த தெம்பு போலும். மேல்வாயில் நாலு வெட்டுப் பல், மார்பில் இரண்டு முலை என்றால் உயர்குடி. இந்த விதிப்படி மனிதன், குரங்கு, தேவாங்கு எல்லாரும் உள்ளே வந்தார்கள். கூடவே வௌவாலும் தலைகீழாக வந்து தொங்கியது. முன்பல் இல்லையா, யானையும் எறும்புதின்னியும் அழுங்கும் கடற்பசுவும் ஒரே பந்தி. இதிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது காண்டாமிருகம். வெட்டுப் பல் கணக்கு இடித்ததால் அதை எலி, அணில், முயல் கூட்டத்தில் தள்ளிவிட்டார். ஒன்றரை டன் எலி! அடுத்த பெரிய பதிப்பில் சத்தம் போடாமல் குதிரைப் பக்கம் மாற்றினார்.

அந்த உயர்குடிக்கு ‘முதலானவர்கள்’ என்ற பொருளில்தான் பெயர். பட்டியல் எழுதுகிறவன் தனக்கு முன்வரிசை நாற்காலி போட்டுக்கொள்வது எந்த நாட்டிலும் உள்ள வழக்கம். நம்ம தொல்காப்பியம் பல்லை எண்ணாமல் அறிவை எண்ணியது. எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு, மனிதனுக்கு ஆறு. நண்டைக் கேட்டிருந்தால் வேறு கணக்குச் சொல்லியிருக்கும்.

எங்கும் அடங்காததையெல்லாம் லின்னேயஸ் ‘புழு’ என்ற மூட்டையில் திணித்துக் கட்டினார். மண்புழு, நத்தை, கணவாய், நட்சத்திரமீன் எல்லாம் புழு. 1793-இல் பாரிசில் அந்த மூட்டையை அவிழ்க்கும் வேலை லமார்க்கின் தலையில் விழுந்தது. அதுவரை செடி கொடி பார்த்துக்கொண்டிருந்தவர், வயது ஐம்பதை நெருங்கிவிட்டது, திடீரென்று பூச்சி புழுப் பேராசிரியர். முனகாமல் உட்கார்ந்து நண்டு இனத்தையும் சிலந்தி இனத்தையும் பூச்சியிலிருந்து பிரித்தார், மண்புழுவுக்குத் தனிக் குடும்பம் கொடுத்தார். முதுகெலும்பு இல்லாதவை என்ற தலைப்பும் அவருடையதுதான். நன்றாகச் செய்தவர்களின் கதையில் சிரிக்க அதிகம் கிடைப்பதில்லை.

இதற்குள் திமிங்கிலத்தின் கோப்பு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. நியூயார்க்கில் மீன் எண்ணெய்ப் பீப்பாய்களைச் சோதித்துக் கட்டணம் வாங்க ஒரு சட்டம். சாமுவேல் ஜட் என்ற வியாபாரி, நான் வாங்கியது திமிங்கில எண்ணெய், திமிங்கிலம் மீனல்ல, ஆகவே சோதனையும் கிடையாது என்றார். மூன்று பீப்பாய், 75 டாலர் அபராதம், 1818 டிசம்பரில் வழக்கு. சாமுவேல் மிட்சில் என்ற பெரிய விஞ்ஞானி வந்து, மனிதன் எவ்வளவு மீனோ அவ்வளவுதான் திமிங்கிலமும் என்று விளக்கினார். சாட்சி சொன்ன முன்னாள் திமிங்கில வேட்டைக்காரர் ஒருவரின் குடும்பப் பெயரே ‘ஃபிஷ்’, நான் இட்டுக்கட்டவில்லை. ஜூரி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டது. உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, திமிங்கிலம் மீன்தான் என்று தீர்ப்புச் சொல்லியது. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தித் திமிங்கில எண்ணெய்க்கு விலக்குக் கொடுத்தார்கள்.

திமிங்கிலத்தின் தொல்லை ஒருவாறு ஓய்ந்தது. மீன் இலாகாவில் காலியிடம் மட்டும் அப்படியே இருந்தது. கலிஃபோர்னியாவின் அழிவாபத்து உயிரினச் சட்டத்தில் பறவை, பாலூட்டி, மீன், ஊர்வன எல்லாம் உண்டு, பூச்சி இல்லை. ஆனால் மீன் யார் என்று சொல்லும் இன்னொரு விதியில் முதுகெலும்பில்லாத பிராணிகளும் அடக்கம். நாலு வகை பம்பிள் தேனீக்களைக் காப்பாற்ற நினைத்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பாதாம் தோட்டக்காரர்கள் தேனீ எப்படி மீனாகும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். ஆகும் என்று 2022 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்ணீரில் வாழாதது மீனா என்ற கேள்விக்கும் நீதிபதிகளிடம் பதில் இருந்தது: மலையில் வாழும் ஒரு நத்தை 1980-லிருந்தே அந்தப் பட்டியலில் இருக்கிறதே!