அக்டோபர் 72-க்கு முந்தைய எம்.ஜி.ஆர்.

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் பக்கத்து டீக்கடை பெஞ்சில் இவர் இருப்பார். எழுபத்தைந்தை ஒட்டிய வயது, கறுப்பு சிவப்புக் கரை வேட்டி, கக்கத்தில் முரசொலி. மிசாவில் உள்ளே போனவர். போகாவிட்டால், போனவரின் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தவர். எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், கையிலிருக்கும் டீ ஆறி ஆடை கட்டும்வரை பேசுவார். சத்துணவா? அது காமராஜர் போட்ட சோறு. 1986-ல் மேலவையை ஒழித்த கதைக்கு வரும்போது குரல் உச்சத்துக்குப் போகும். அந்த நேரம் பார்த்துக் கடை டி.வி.யில் டி.எம்.எஸ். குரல் எழும்பும். திரையில் தொப்பி வைக்காத காலத்து எம்.ஜி.ஆர். மேலவை அந்தரத்தில் நிற்க, நம்மவரின் ஆள்காட்டி விரல் பெஞ்சுப் பலகையில் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

இந்த வகையறாவுக்கு நான் வைத்திருக்கும் பெயர், 'பாட்டில் மட்டும் எதிர்க்கட்சி'.

"என்னண்ணே, எம்.ஜி.ஆர். பாட்டா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கணக்கு விரியும். எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கியது 1972 அக்டோபர் 17. அதற்கு முன்னால் வந்த படங்களின் பாட்டெல்லாம் கழகத்துக்குச் சொந்தம். பாகப்பிரிவினையில் ஆள் அந்தப் பக்கம் போய்விட்டார், பாட்டு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. 'நாடோடி மன்னன்' 1958, நம்முடையது. 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965, நம்முடையது. 'ரிக்‌ஷாக்காரன்' 1971, அதற்குத் தேசிய விருது கிடைத்தபோது எம்.ஜி.ஆர். கழகப் பொருளாளர், சந்தேகமே வேண்டாம். இன்னும் கிண்டினால் 1954-க்குப் போவார். "எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். குரல் கொடுத்த முதல் பெரிய பாட்டு எதுல வந்துச்சு? மலைக்கள்ளன்ல. வசனம் யாரு? கலைஞர்." இதைச் சொல்லிவிட்டு அவர் பார்க்கும் பார்வையில், டி.எம்.எஸ்.ஸின் தொண்டையே அறிவாலயத்தில் தயாரானது போலத் தோன்றும்.

சிக்கல் 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில்தான் தொடங்குகிறது. 1970-ல் ஜப்பானில் நடந்த ஒசாகா பொருட்காட்சியில் படம் பிடித்தார்கள். அப்போது எம்.ஜி.ஆர். கழகத்தில். திரைக்கு வந்தது 1973 மே 11, அப்போது அவர் தனிக்கட்சி. ஒன்பதே நாளில் திண்டுக்கல் இடைத்தேர்தல். இரட்டை இலை ஜெயித்து, தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. எல்லைக்கோட்டின் மேலேயே காலை வைத்துக்கொண்டு நிற்கிற இந்தப் படத்தை எந்தப் பக்கம் தள்ளுவது? சாதாரண ஆள் என்றால் விட்டுத்தள்ளியிருப்பார். நம்மவர் பல ராத்திரி யோசித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்: வெளியான தேதி கணக்கில் வராது, வேலை தொடங்கிய தேதிதான் வரும். ஆகவே படம் உள்ளே. ஆனால் பெயர் ஓடும்போது சீர்காழி கோவிந்தராஜன் முழங்குகிறாரே, வெற்றியைப் பற்றி ஒரு பாட்டு, அது பிற்பாடு சேர்த்தது என்பது இவர் கட்சி. அதனால் அது மட்டும் வெளியே. கேசட் காலத்தில் அந்த இடம் வந்ததும் எழுந்துபோய் ஓட்டிவிட்டு வந்து உட்காருவார். சீர்காழியின் மேல் பிரியம் அதிகம், ஓட்டும்போது முகத்தில் வலி தெரியும்.

72-க்குப் பிந்தைய படங்களை விட்டுவிட்டார் என்று நினைத்தால் நமக்கு அவரைத் தெரியவில்லை என்று அர்த்தம். அங்கே சட்டம் மாறும். 'உரிமைக்குரல்' (1974) பாட்டு ஓடினால் அது யேசுதாஸ் பாட்டு. 'இதயக்கனி' (1975) என்றால் எம்.எஸ்.வி. பாட்டு. "எம்.எஸ்.வி. எந்தக் கட்சிய்யா? தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டுப் போட்டவரு. எழுந்து நின்னு கேக்கற பாட்டுக்கும் உக்காந்து கேக்கற பாட்டுக்கும் ஒரே ஆளுதான்." பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்? கம்யூனிஸ்ட், 29 வயதில் 1959-லேயே போய்விட்டார், பிளவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கண்ணதாசனிடம்தான் கொஞ்சம் தடுமாறுவார். 1961-ல் கழகத்தைவிட்டுப் போய் சம்பத்தோடு தமிழ்த் தேசியக் கட்சி, பிறகு காங்கிரஸ், கடைசியில் 1978-ல் எம்.ஜி.ஆர். கையாலேயே அரசவைக் கவிஞர். பேனாவை எடுத்தால் எல்லாரையும் திட்டியவர். போதாக்குறைக்கு அவர் சிகாகோவில் காலமான தேதியும் அக்டோபர் 17. நம்மவர் பெருமூச்சு விட்டுச் சொல்வார்: "கண்ணதாசன் எந்தக் கட்சியில இருந்தாருன்னு கேக்காத. எதுல இல்லேன்னு கேளு."

இவர் பாடும் அழகைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் 'அன்பே வா' பாட்டு வர வேண்டும். 1966 படம். சிம்லாவில் எம்.ஜி.ஆர். துள்ளித் துள்ளி வருகிறாரே, அந்தப் பாட்டில் வாலி உதயசூரியனை எழுதினார். கட்சிச் சின்னமாயிற்றே என்று தணிக்கைக் குழு 'உதய'வை நீக்கச் சொல்ல, 'புதிய' என்று மாற்றிப் பாடினார்கள். அறுபது வருஷமாக உலகமே மாற்றிப் பாடியதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, இவர் ஒருவரைத் தவிர. அந்த வரி வரும்வரை உதடு மட்டும் அசையும். வந்ததும் முதுகு நிமிரும், கண் டி.வி.யை விட்டுத் தெருவைப் பார்க்கும், டி.எம்.எஸ். 'புதிய' என்று சொல்கிற அதே விநாடியில் இவர் வாயிலிருந்து 'உதய' கணீரென்று விழும். கண்ணாடித் தம்ளர் கழுவுகிற பையன் சிரிப்பான். தணிக்கைக் குழு மறுபடியும் தோற்றுப்போகும்.

அந்த டி.வி.யைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர். பாட்டை இவர் ஜெயா டி.வி.யில் பார்க்க மாட்டார். கை வைத்தால் சுடும் என்பதுபோல ரிமோட்டை நகர்த்திவிடுவார். அதே பாட்டு முரசு டி.வி.யில் வந்தால் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்காருவார். "இது நம்ம சேனல்ல. நம்ம ஆளுங்களே போடுறாங்க." இந்த விஷயத்தில் கட்சி மேலிடமும் இவரைப் போலத்தான் யோசிக்கிறது என்பது அவருக்குப் பெரிய நிம்மதி.

இவர் வீட்டம்மாளிடம் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. கல்யாணமாகி வந்த நாள் முதல் எம்.ஜி.ஆர். ரசிகை. ஓட்டு எதற்குப் போட்டோம் என்று சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை. தோசை ஊற்றிக்கொண்டே ஒருநாள் கேட்டார்: "புடிச்சிருந்தா கேக்க வேண்டியதுதானே? அதுக்கு எதுக்குங்க இம்புட்டு வக்காலத்து?" இவர் சொன்ன பதில்: "உனக்குக் கொள்கை தெரியாது."

கொள்கைக்காக இவர் முயற்சி செய்யாமலும் இல்லை. 1972-ல் கலைஞரின் மகன் மு.க. முத்து 'பிள்ளையோ பிள்ளை'யில் நாயகனாக வந்தபோது முதல் நாள் முதல் காட்சி போனார், பாட்டுப் புத்தகமும் வாங்கினார். இனிமேல் கேட்பது இதைத்தான் என்று முடிவே செய்தார். இப்போது கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறார். தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற குரலில்.

என் கணிப்பைக் கேட்டால், இவருக்கும் அந்தப் பாட்டுகளின் அரசியலுக்கும் சண்டையே இல்லை. இவர் கழகத்துக்கு வந்தது அண்ணாவின் கட்டுரை படித்து அல்ல. 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் சவுக்கோடு மாடிப்படியில் எம்.ஜி.ஆர். பாடியபோது, தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து நின்றான் அல்லவா, அப்போதே உறுப்பினர் ஆகிவிட்டார். ரசீதுதான் பின்னால் வந்தது. 1967 தேர்தலில், எம்.ஆர். ராதா சுட்டுக் கழுத்தில் கட்டோடு படுத்திருந்த எம்.ஜி.ஆர். படத்தைச் சுவரில் ஒட்டப் பசை வாளி தூக்கினார். உழைக்கிறவன் ஜெயிப்பான், அடிக்கிறவன் திருந்துவான் என்று அந்தப் பாட்டுகள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட இவருக்கு மறுப்புக் கிடையாது. அவை குடிமாறிப் போன விலாசம்தான் பிடிக்கவில்லை. பாட்டை விடச் சொன்னால், கட்சிக்கு எதற்கு வந்தோம் என்பதையே விட்டுவிட வேண்டும்.

கல்யாணம், காதுகுத்து என்றால் இவரால் அவதிப்படுகிறவர் மைக்செட்காரர். அதே ஆம்ப்ளிஃபயரும் கூம்புக் குழாயும்தான் ஒரு நாள் இந்தக் கட்சிக்கு, மறுநாள் அந்தக் கட்சிக்கு. பேத்தி காதுகுத்துக்கு இவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் முதலில் நாகூர் ஹனிபாவின் கழகப் பாட்டு, அப்புறம் எம்.ஜி.ஆர். பாட்டு ஒரு கட்டு, நடுவில் டி.எம்.எஸ்.ஸின் முருகன் பாட்டு. (சுயமரியாதைக்காரர் வீட்டில் முருகன் ஏது என்று கேட்கக் கூடாது. அதற்கும் தனிக் கணக்கு இருக்கிறது.) பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் பரபரப்பு. "மாவட்டம் வர்றாரு, மாவட்டம் வர்றாரு!" மாவட்டச் செயலாளரைத்தான் அப்படிச் சொல்வார்கள். மைக்செட்காரர் பாய்ந்து சவுக்குப் பாட்டைப் பாதியில் அறுத்தார், ஹனிபாவின் குரல் விண்ணைப் பிளந்தது. மாவட்டம் வந்தார், மொய் எழுதினார், இலையில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார், கும்பிட்டார், கிளம்பினார். வழியனுப்ப எல்லாரும் வாசல்வரை போனோம். டிரைவர் ஓடிவந்து வெள்ளைக் காரின் கதவைத் திறந்தார். உள்ளே ஏ.சி.யோடு ஓடிக்கொண்டிருந்தது அதே சவுக்குப் பாட்டு, நாங்கள் அறுத்த இடத்துக்கு ஒரு சரணம் தள்ளி. மாவட்டம் வானத்தைப் பார்த்தார். நாங்கள் அனைவரும் மழை வருமா என்று பார்க்கிற பாவனையில் கூடவே வானத்தைப் பார்த்தோம்.

எதிர்முகாமிலும் இந்த இனம் உண்டு. இவருடைய மச்சான் இரட்டை இலை. கலைஞர் என்ற பெயரையே உச்சரிக்காமல் 'அந்த ஆளு' என்பார். ஆனால் ஒரு கிளாஸ் உள்ளே போய்விட்டால் 'பராசக்தி' கோர்ட் வசனம் மூச்சுவிடாமல் வரும். சிவாஜி பேசினதை ரசிக்கிறேன், எழுதினவன் யாராயிருந்தால் என்ன என்பது அவர் சமாதானம். தோழர்களிடமும் பார்த்திருக்கிறேன். 2022-ல் இளையராஜா ஒரு புத்தக முன்னுரையில் மோடியை அம்பேத்கரோடு வைத்து எழுதியபோது, இனிமேல் ராஜா பாட்டைத் தொடமாட்டேன் என்று தோழர் ஒருவர் அறிவித்தார். அறிவித்தவர் மதுரையிலிருந்து தேனிக்குத் தனியார் பேருந்தில் போக வேண்டியிருந்தது. உசிலம்பட்டி தாண்டுவதற்குள், பாவலர் வரதராசனோடு ராஜா சிவப்புக் கொடி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்த நாட்கள் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டன. அந்த ராஜா வேறு, இந்த ராஜா வேறு என்று எனக்கு விளக்கிக்கொண்டே ஜன்னல் கம்பியில் தாளம் போட்டார்.

நம்ம பெரியவருக்கு இப்போது வீட்டுக்குள்ளேயே புது வழக்கு. கல்லூரியில் படிக்கும் பேரன் விஜய் ரசிகன். குடும்பம் கறுப்பு சிவப்பு, அவனும் ஓட்டு என்று வந்தால் தாத்தா பக்கம்தான் என்கிறான். ஆனால் 2024 பிப்ரவரி 2-ல் விஜய் கட்சி அறிவித்த பிறகு அறையில் பாட்டு வைக்கும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொள்கிறான். தாத்தா கதவைத் தட்டி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். சட்டம் படித்த வக்கீல் ஜூனியருக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"எதுக்குடா பயப்படுற? தேதி போட்டுக்க. பிப்ரவரிக்கு முந்தினது எல்லாம் பொது."

"குருவி, தாத்தா?"

"2008. உதயநிதி தம்பி முதன்முதலா எடுத்த படம்டா அது. கதவத் தொறந்து வச்சே கேளு."

"கோட்?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. வெளியானது 2024 செப்டம்பர், கட்சி ஆரம்பித்த பிறகு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"ஷூட்டிங் எப்ப ஆரம்பிச்சாங்க?"

பேரன் போனில் தேடினான். "2023 அக்டோபர், தாத்தா."

"அப்ப வாலிபன் கேசு," என்றார் பெரியவர். "படம் உள்ள. பின்னாடி ஏதாச்சும் சேத்திருக்கானான்னு மட்டும் பாத்துச் சொல்லு."