தீர்ப்பு ஒரு நொடி, திருந்த ஓர் ஆயுள்

கே: நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல் இரண்டும் ஒன்றுதானே? எங்கள் போதகர் இதற்கு ஏன் இரண்டு ஞாயிறு எடுத்துக்கொள்கிறார்?

ப: தாலி கட்டுவதும் குடித்தனம் நடத்துவதும் ஒன்றா? கிறிஸ்துவின் பொருட்டுப் பாவியைப் பார்த்து, 'இவன்மேல் குற்றமில்லை' என்று கடவுள் சொல்லும் தீர்ப்பு முதலாவது. விடுதலையான அந்த ஆளைப் பரிசுத்த ஆவியானவர் நாள்தோறும் திருத்தும் வேலை இரண்டாவது. முன்னது ஒரு நொடி, பின்னது ஓர் ஆயுள். அதற்கு இரண்டு ஞாயிறு குறைவுதான்.

கே: 'நீதிமானாக்கு' என்றால் நீதிமானாக மாற்றுவதா, நீதிமான் என்று அறிவிப்பதா?

ப: ஐந்நூறு வருடச் சண்டையை ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லில் நீதிமன்ற வாசனை உண்டு. அதன் லத்தீன் மொழிபெயர்ப்பில் 'நீதியுள்ளவனாகச் செய்' என்ற பொருள் தொனிக்கும். அகஸ்டின் அப்படித்தான் படித்தார். சீர்திருத்தக்காரர்கள் 'அறிவிப்பது' என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் உள்ள 'ஆக்கு' லத்தீன் பக்கம் சாய்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்போ 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்று உறவின் மொழியில் பேசுகிறது.

கே: ரோமர் 3:28இல் 'மட்டும்' என்ற சொல்லை லூத்தர் நுழைத்துவிட்டாராமே?

ப: நுழைத்தார். 1522 ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், 'விசுவாசத்தினால்' என்பதோடு 'மட்டும்' சேர்ந்தது. வசவு கிளம்பியதும், ஜெர்மன் பேச்சு வழக்கு அப்படித்தான் கேட்கிறது என்று 1530இல் பதில் எழுதினார். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை. 'விசுவாசத்தினாலேயே' என்று ஓர் ஏகாரம் போட்டார்கள், வேலை முடிந்தது.

கே: விசுவாசம் போதும் என்கிறார் பவுல். கிரியையும் வேண்டும் என்கிறார் யாக்கோபு. யார் சொல்வது சரி?

ப: இருவரும் கூண்டில் ஏற்றும் சாட்சி ஒருவரே: ஆபிரகாம். தேதிதான் வேறு. பவுல் திறப்பது ஆதியாகமம் 15ஆம் அதிகாரம். அப்போது ஈசாக்கு பிறக்கவே இல்லை. யாக்கோபு 22ஆம் அதிகாரத்துக்குப் போகிறார்; அங்கே ஈசாக்கு பலிபீடத்தின் மேல் கிடக்கிறான். ஆபிரகாம் எப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டான் என்பது பவுலின் கேள்வி. அந்த விசுவாசத்துக்கு உயிர் இருந்ததா என்பது யாக்கோபின் கேள்வி. இது தெரியாதவரல்ல லூத்தர்; ஆனாலும் யாக்கோபின் நிருபத்தை 1522இல் வைக்கோல் என்றார். பிந்திய பதிப்புகளில் அந்த வரி காணாமற்போனது.

கே: மன்னிப்பு இலவசம் என்றால் தாராளமாகப் பாவம் செய்யலாமே?

ப: கடன் தள்ளுபடியான மறுநாளே கந்துவட்டிக்காரர் வாசலில் போய் நிற்பீர்களா? உங்கள் கேள்வி ரோமர் 6ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே வந்தாயிற்று. பவுலின் பதிலும் சூடானதுதான். கால்வின் இதற்குச் சூரியனைக் காட்டினார். வெளிச்சம் வேறு, வெப்பம் வேறு. ஆனால் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டு வெப்பத்தை வாசலில் நிறுத்த முடியாது. கிறிஸ்துவைப் பெற்றவன் மன்னிப்பையும் பரிசுத்தத்தையும் சேர்த்தே பெறுகிறான்.

கே: அப்படியானால் சிலுவையில் தொங்கிய கள்ளன்? அவனுக்குப் பரிசுத்தமாக நேரமே இல்லையே?

ப: இருந்த நேரத்தை வீணாக்கவில்லை அவன். தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், கூட இருந்தவனைக் கண்டித்தான், குற்றமற்றவருக்காகப் பேசினான். சகேயுவுக்கு அவகாசம் கிடைத்தது: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னது முதலில், சகேயு பணப்பையைத் திறந்தது பிறகு. பரிசுத்தம் நுழைவுக் கட்டணமல்ல.

கே: கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும் இந்த வழக்கு முடிந்ததா?

ப: நீதிமானாக்கப்படுதல் என்பது வெறும் மன்னிப்பு அல்ல, உள்ளான மனிதன் புதிதாவதும் பரிசுத்தமாவதும் அதில் அடங்கும் என்று கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1547 ஜனவரி 13இல் தீர்மானித்தது. 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மெதடிஸ்டுகள் 2006இல் சேர்ந்தார்கள். மிச்சமிருக்கும் வேறுபாடுகளை, ஒருவர்மேல் ஒருவர் போட்ட பழைய சாபங்கள் இல்லாமல் பேசலாம் என்ற அளவுக்கு வந்திருக்கிறார்கள். 452 வருட வாய்தாவுக்கு இது நல்ல முன்னேற்றம்.

கே: இருபது வருடமாக விசுவாசி. முன்கோபம் மட்டும் போகவில்லை. நான் நீதிமானா, பாவியா?

ப: இரண்டும்தான், ஒரே நேரத்தில். சொன்னவர் லூத்தர், முன்கோபத்தில் அவர் உங்களுக்கு அண்ணன். ஆனால் அதைச் சாக்காக்கி உட்கார்ந்துவிடாதீர்கள். கோபம் கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா என்று உங்கள் வீட்டம்மாவிடம் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார். தீர்ப்பு என்ன என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். அது எப்போதோ சொல்லியாயிற்று.