மேடு கட்டுற பேராண்டிகளுக்கு

நீங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்கிறீகன்னு கேள்விப்பட்டதும் எனக்கு அன்னிக்கு ஒரு உருண்டை சோறு கூடவே இறங்குச்சு. ராசிங்காபுரத்துல சண்டை போட இதுவரைக்கும் கோயில் வரி, கம்மாத் தண்ணி, தேர்தல்னு மூணு சாக்குதான். மலைப்பாதையில சைக்கிள் குதிக்க மேடு கட்டலாமா கூடாதான்னு நாலாவதா ஒண்ணைக் கண்டுபிடிச்சீக பாருங்க, படிச்ச புள்ளைக படிச்ச புள்ளைகதான்.

உங்க சைக்கிளையும் பாத்தேன். கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல்லு கூட இல்லை. விலையைக் கேட்டா ஒரு சோடி மாட்டு விலை சொல்றீக. இல்லாததுக்கும் சேத்துத்தான் காசு வாங்குறான் போல. சரி, அது உங்க அப்பன் கவலை.

ஒரு கட்சி சொல்லுது, பலகை அடிச்சு ரேம்ப் வைக்கணும், வளைவுல மண்ணை அணைச்சுக் கட்டணும், அப்பத்தான் ஓட்டுற மாதிரி இருக்கும்னு. எதிர்க்கட்சி சொல்லுது, கல்லு வேரு பள்ளம்னு மலை எப்படிக் கெடக்கோ அப்படியே இறங்குறதுதான் வித்தை, மனுசன் கை பட்டா அது பூங்கான்னு. ரெண்டு பேரும் எங்கிட்ட நியாயம் கேட்டு வந்தீக. வரும்போது ஒரு வெத்தலை கூட வாங்கிட்டு வரலை. பரவாயில்லை, பேத்தி செல்லுல நாலு சேதி தேடிக் காட்டினா, அதையும் வச்சுச் சொல்றேன்.

மொதல்ல ‘கை படாத பாதை’ கட்சிக்காரகளே, உக்காருங்க. இந்த மலையில கை படாத பாதை எங்கப்பு இருக்கு? குரங்கணியில இருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியா டாப் ஸ்டேஷன் ஏறுற பாதையை ஏதோ மலையே பெத்துப் போட்டதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீகளா? அங்கிட்டுக் குண்டளைப் பள்ளத்தாக்குல 1902-ல வெள்ளைக்காரன் ஒத்தத் தண்டவாளம் போட்டான். சின்னச் சக்கரம் தண்டவாளத்து மேல உருளும், பாரம் சாயாம இருக்கப் பக்கத்துல ஒரு பெரிய சக்கரம் தரையில ஓடும், முன்னாடி மாடு இழுக்கும். ஒத்தப் பலகையில சைக்கிள் விடுறதைப் பெருசா வீடியோ எடுத்துப் போடுறீகளே, நம்ம பக்கத்து மாடு நூறு வருசத்துக்கு முன்னாடியே தேயிலைப் பெட்டியோட அந்த வேலையைப் பாத்திருக்கு. அதுக்கு ஒரு லைக்கும் விழுகலை. 1908-ல அதை எடுத்துப்போட்டுச் சின்ன ரயில் விட்டாக. டாப் ஸ்டேஷன்ல இருந்து தேயிலை ரோப்பு வழியா கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டி கட்டிப் போடி வந்து சேரும். 1924 வெள்ளத்துல அந்த ரயிலு பூராம் போச்சு. மனுசன் போட்டதை மலை வாங்கி வச்சுக்கிட்ட கதை அது. பாதையைப் பாதையா வச்சிருந்தது அதுக்கு முந்தியும் பிந்தியும் தோட்டத்துக்கு நடந்த கூலிச்சனத்தோட காலு.

உங்க சைக்கிள் விளையாட்டே பிறந்த இடத்தைக் கேளுங்க. அமெரிக்காவுல கலிபோர்னியாவுல டமல்பைஸ் மலைப் பக்கம், 1976 அக்டோபர்ல சில பயக பழைய ஷ்வின் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பந்தயம் வச்சு இறங்கினாக. ஒரு இறக்கம் இறங்கி முடிக்கிறதுக்குள்ள பின்சக்கர பிரேக்குல இருக்குற கிரீஸ் காய்ஞ்சு புகைஞ்சு போகும். மறுபடி கிரீஸ் அடைச்சாத்தான் அடுத்த இறக்கம். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’னு பேரு. அவங்க இறங்கினது என்ன ரிஷிமுனி நடந்த ஒத்தையடிப் பாதையா? தீயணைக்கிற வண்டி போறதுக்கு வெட்டின ரோடு. ஆக, மூலஸ்தானமே செயற்கை. இதுல நீங்க தீட்டுப் பாக்குறீக.

பழனியிலயும் இந்தக் கூத்து உண்டு. படிப்பாதை இருக்கு, யானைப்பாதை இருக்கு, 1966-ல விஞ்ச் வந்துச்சு, 2004-ல ரோப்கார் வந்துச்சு. விஞ்ச்ல போறவனைப் பாத்து ‘இதெல்லாம் ஒரு பக்தியா’ன்னு மூச்சு வாங்கிக்கிட்டே கேக்குற ஆளு இன்னமும் படியில உக்காந்திருக்கான். அவன்தான் உங்க கட்சிக்குத் தலைவர். ஆனா ஒண்ணு கவனிங்க. யானைப்பாதையை யாரும் படியா வெட்டலை, படியை யாரும் சரிச்சு யானைப்பாதை ஆக்கலை. தனித்தனியா வச்சுட்டாக.

இப்பச் சிரிக்கிறீகளே மேடு கட்டுற கட்சி, உங்ககிட்ட வாரேன்.

கனடாவுல வான்கூவருக்கு வடக்கே மலைக இருக்கு. அங்கே எந்நேரமும் மழை, தரை பூராம் சேறு, வேரு. 1990-கள்ல அங்கே டாட் ஃபியாண்டர்னு ஒருத்தர், ஊருக்குள்ள ‘டிக்கர்’னுதான் பேரு, நம்ம பாஷையில மம்பட்டிக்காரரு. அவரும் கூட்டாளிகளும் விழுந்து கெடந்த தேவதாருவைப் பிளந்து, சேத்து மேல ஏணிப்பலகையா அடிச்சுப் போட்டாக. சக்கரம் புதையாம தாண்டத்தான் அந்தப் பலகை. அப்புறம் பலகை ஒசந்துச்சு, ஒல்லியாச்சு, ஊஞ்சப்பலகை மாதிரி ஆடுறதும் வந்துச்சு. உலகம் பூராம் அதைப் பாத்துக் காப்பியடிச்சுச்சு, சேறே இல்லாத ஊர்லயும் அடிச்சாக. என்ன ஆச்சு? மரம் அழுகுச்சு, ஆணி துருப்பிடிச்சு எந்திரிச்சு நின்னுச்சு. நிலத்துக்குப் பொறுப்பானவுக சிலதைப் பிடுங்கிப் போட்டாக. 1997-ல அங்கே ஒரு சங்கமே வச்சாக. இன்னிக்கு அங்கே பாதையைத் தத்து எடுத்துக்கிட்டுப் பராமரிக்கிற ஏற்பாடு இருக்கு, மண்ணு வேலைக்குத்தான் மதிப்பு, பலகைக்கு முந்தி மாதிரி மவுசு இல்லை. கட்டுறவன் பேரு வீடியோவுல வரும், ஆணி அடிச்சுத் திருத்துறவன் பேரு எதுலயும் வராது. உங்கள்ல எத்தனை பேரு ரெண்டாவது ஆளா இருக்கத் தயாரு? கையைத் தூக்குங்க பாப்போம். ம், ஒருத்தன் தூக்கினான், அவனும் கொசு கடிச்சுத் தூக்கினான்.

நம்ம சரிவுல தேவதாரு இல்லை, சேறும் வருசம் முச்சூடும் இல்லை. நமக்கு ஐப்பசி மழைதான் கூத்து. ஒரே ராத்திரியில கொட்டும். பாதையை நேரா மலை இறங்குற மாதிரி வெட்டினா, தண்ணி பழைய கடன்காரன் மாதிரி, ஒரு தடவை வழி கண்டுக்கிட்டா நித்தம் அதே வாசலுக்குத்தான் வரும். மறு வருசம் உங்க பாதை ஓடையா இருக்கும். 1988-ல தொடங்குன சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் ஒரு கணக்கு வச்சிருக்கு. பாதையோட ஏத்தம், மலைச் சரிவோட ஏத்தத்துல பாதியைத் தாண்டக் கூடாது. சராசரி 10 சதவீதத்துக்குள்ள நிக்கணும். பாதை பள்ளத்துப் பக்கமா லேசாச் சாஞ்சிருக்கணும், நடுநடுவுல இறங்கி ஏறணும், அப்பத்தான் தண்ணி பாதையில ஓடாம வெளியே விழுகும். கரட்டுக் காட்டுல வரப்பு போட்ட எந்தக் குடியானவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான், சதவீதம் மட்டும் தெரியாது. நீங்க குதிக்கிற மேட்டுக்கு அளவு எடுத்தீக, அது சரி. அந்த மேட்டுக்குப் பின்னாடி தண்ணி எங்கே தேங்கும்னு எவனாச்சும் குனிஞ்சு பாத்தீகளா?

இன்னொரு கதை, இது ரெண்டு கட்சிக்கும். 2021 ஜூலை 26, டோக்கியோ ஒலிம்பிக்கு. மலைச் சைக்கிள் பந்தயம் இசுங்கிற ஊர்ல. நெதர்லாந்துல இருந்து மேத்யூ வான் டெர் போல் வந்திருந்தாரு, ஜெயிக்கிற குதிரைன்னு எல்லாரும் சொன்ன ஆளு. பெரிய பாறையில இருந்து இறங்குற ஒரு இடம். பழகும்போது அங்கே ஒரு பலகை சாத்தி வச்சிருந்தாக. பந்தயத்தன்னிக்கு அதை எடுத்துட்டாக. மொத சுத்துலயே இவரு பலகை இருக்குன்னு நினைச்சு உருட்டி இறக்கினாரு. முன்சக்கரம் அப்படியே கீழே போச்சு, ஆளு ஹேண்டில்பாருக்கு மேல தலைகீழாப் போயி விழுந்தாரு. எழுந்து ஓட்டிப்பாத்தாரு, முடியலை, பாதியில விட்டுட்டாரு. தங்கம் டாம் பிட்காக் கைக்குப் போச்சு. ‘பலகையை எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது’ன்னாரு இவரு. அவுக பயிற்சியாளரோ சொல்லியிருந்தாகளேன்னாரு. உலகத்துலயே பெரிய பந்தயத்துல, அத்தனை கேமராவுக்கு நடுவுல, ஒரு பலகை இருக்கா இல்லையாங்கிறதுல ஒரு மனுசன் மண்ணைக் கவ்வினான். நீங்க ராத்திரியோட ராத்திரியா மேடு கட்டுவீக, எதிர்க்கட்சி விடியக்காலையில போயி இடிச்சுப்போடும், நடுவுல வாரவன் எவன் வீட்டுப் புள்ளையோ.

இதுல நீங்க ரெண்டு கட்சியும் மறந்துபோன ஒரு ஆளு இருக்கா. தலையில கட்டைத் தூக்கிக்கிட்டு, பொழுது சாயுற நேரத்துல கீழே இறங்குற பொம்பளை. அவளுக்குக் கண்ணு பாதையில இல்லை, பாரத்துல இருக்கு. பாதை அவ காலுக்கு மனப்பாடம். நேத்து வரைக்கும் சமமா இருந்த இடத்துல இன்னிக்கு முழங்கால் உசரத்துக்கு மேடு இருந்தா என்ன ஆவா? எதிர்ல நீங்க பெல்லு இல்லாத சைக்கிள்ல பறந்து வேற வாரீக. இந்தப் பக்கம் இன்னிக்கு ஏலத்தோட்டத்துக்குப் போறவுக முக்காவாசி விடியுமுன்ன ஜீப்புல ஏறி, போடிமெட்டுக் கொண்டைஊசி வளைவு பதினேழையும் சுத்திப் போயிட்டு, இருட்டுற நேரத்துல திரும்புறாக. சாக்குலூத்துமெட்டு வழியா ஒரு ரோடு போடுங்கய்யான்னு தேவாரத்துப் பக்கத்துச் சனம் தலைமுறையா மனு கொடுக்குது. காடு, அனுமதின்னு அது இன்னமும் இழுத்துக்கிட்டே கெடக்கு. மலைக்கிராமத்துல சீக்காளியை டோலி கட்டித் தூக்கிட்டு இறங்குறாக. அவுகளுக்குப் பாதை மேடு இல்லாம இருந்தாப் போதும். உங்களுக்கு மேடு இல்லைன்னு சோறு இறங்கலை. ரெண்டு கோரிக்கையும் ஒரே கலெக்டர் மேசைக்குப் போச்சுன்னா, பாவம் அந்த மனுசன் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் படிப்பாரு?

வனத்துறையை மறந்துட்டுப் பேசுறதும் ஆகாது. மேலே பூராம் காப்புக்காடு. 1882-ல வெள்ளைக்காரன் போட்ட காட்டுச் சட்டம் இன்னமும் உசுரோட இருக்கு. அதுக்குள்ள ஒரு மம்பட்டி மண்ணைப் புரட்டினாலும் குத்தம்தான், ரேம்ப் போட்டாலும் குத்தம், ‘இயற்கையா’ பிரேக் அடிச்சு மண்ணைக் கிழிச்சாலும் அனுமதி இல்லாமப் போனது குத்தம்தான். அந்த மட்டுக்கும் உங்க ரெண்டு கட்சிக்கும் சமரசம் பண்ணிவைக்கச் சட்டம் தயாரா இருக்கு. 2018 மார்ச் 11-ல குரங்கணி மலையில நடந்தது இந்த ஊர்ல யாருக்கும் மறக்காது. மலையேற வந்த பிள்ளைக தீயில சிக்கி, ஆஸ்பத்திரியில போனவுகளையும் சேத்து 23 உசுரு போச்சு. அதுல நையாண்டிக்கு இடமில்லை. அதுக்கப்புறம்தான் மலையேத்தத்துக்கு விதி வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசாங்கமே 40 பாதையைத் திறந்து, பணம் கட்டிப் பதிஞ்சு வழிகாட்டியோட போங்கன்னுச்சு. நம்ம குரங்கணி–சாம்பலாறு அதுல ஒண்ணு. அது நடக்குறவுகளுக்கு. அதுல போயி ஒருத்தன் பலகையைச் சாத்தினா மொதல்ல நான்தான் புகார் கொடுப்பேன், சொல்லிப்புட்டேன்.

அப்ப எங்கதான் ஓட்டுறது தாத்தான்னு மூஞ்சியைத் தொங்கப் போடாதீக. 2023 அக்டோபர்ல ஆசிய மலைச் சைக்கிள் போட்டி எங்கே நடந்துச்சு? அந்தா இருக்கு திருவனந்தபுரம் பக்கத்துல பொன்முடி, அங்கேதான். பாதைன்னு ஒண்ணை ஒதுக்கி, அளவு பாத்து, கேட்டுச் செஞ்சா எந்த மலையும் வேண்டாம்னு சொல்லாது. பாரிசுல 2024-ல ஒலிம்பிக் நடத்தினாகளே, அதுல மலைச் சைக்கிள் பந்தயம் நடந்த குன்றே கல்லும் கழிவும் கொட்டி ஒசத்தினதுதான், 231 மீட்டர். அவுகளுக்கு மேடு இல்லாத குறையை மனுசன் கொட்டின கழிவே தீத்து வச்சிருச்சு.

என் பட்டா நிலம் கரட்டை ஒட்டிக் கெடக்கு, உங்களுக்கே தெரியும். மாமரத்துக்கு மேல பாறையும் சரிவுமா இருக்குற துண்டு. வெள்ளாமைக்கு ஆகலை, அதனால உங்களுக்கு ஆகும். அங்கே கட்டுங்க. ஒவ்வொரு மேட்டுக்கும் பக்கத்துல கட்டாத பாதை ஒண்ணு, எதிர்க்கட்சி அதுல கல்லையும் வேரையும் கும்பிட்டுக்கிட்டு இறங்கட்டும். கஷ்டமான மேட்டை நடுவுல ஒளிச்சு வைக்காம மொத ஆளா வைங்க, முடியாதவன் அங்கேயே திரும்பிருவான். எதை வச்சாலும் எடுத்தாலும் டீக்கடைப் பலகையில எழுதிப்போடுங்க. ஐப்பசிக்கு முன்னாடி ஒரு தடவை, தையில ஒரு தடவை எல்லாரும் மண்ணு வேலைக்கு வரணும்.

ஆனா மண்ணு வெட்டிப் பழக்கம் இல்லாதவுகளை எடுத்த எடுப்புல ரேம்ப் கட்ட விடமாட்டேன். இடுப்பு பிடிச்சுக்கும், அப்புறம் உங்க ஆத்தா வந்து என்னை வையும். கீழ்க்கொல்லையில வரப்பு ரெண்டு இடத்துல உடைஞ்சு கெடக்கு. வாய்க்காலும் தூந்து கெடக்கு. பழகுறதுக்கு அதை மொதல்ல செஞ்சுபாருங்க. கை படாத கட்சியும் வரணும், அது ஒண்ணும் காடு இல்லை, தாராளமாக் கை படலாம். மம்பட்டி மூணு இருக்கு, ரெண்டுக்குப் பிடி இல்லை. வரும்போது போடியில பிடி வாங்கிட்டு வந்துருங்க. வெத்தலையும்.