முருகனுக்கு 108 மெகாபைட்

எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். விருதுநகர் பஜாரில் பருப்பும் மல்லியும் தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கில்தான் அளக்கப்பட்டன. இடையில் வரும் உழக்கும் உரியும்கூட இரண்டிரண்டாகவே பெருகும். கம்ப்யூட்டர் மட்டும் அன்றைக்கே வந்திருந்தால், அண்ணாச்சிகள் மேனுவலைப் புரட்டாமலேயே வேலையைத் தொடங்கியிருப்பார்கள்.

விதி வேறு மாதிரி விளையாடியது. விருதுநகர்க்காரர் காமராஜர் கோட்டையில் முதல்வராக இருந்த காலத்தில்தான் டில்லி பத்துப் பத்தாக எண்ணச் சொன்னது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. முட்டாள்கள் தினத்தன்று அறிவித்தால் யார் நம்புவார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவை யார் பையில் போடுவது என்று கடைக்குக் கடை வழக்கு நடந்திருக்கும். 1958 முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாக நுழைந்தன, படி சட்டத்துக்கு வெளியே போனது. நாம் எட்டைத் தலைமுழுகிய கையோடு, 1964இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 கம்ப்யூட்டரை இறக்கி, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்று உலகத்துக்கே வழக்கமாக்கியது. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

அன்றிலிருந்து இரண்டு வியாபாரிகள் நம்மைக் குழப்புகிறார்கள். ஹார்டுடிஸ்க்காரன் படியில் பேசுவான். நெட் கனெக்‌ஷன் விற்பவனோ ஆழாக்கில்தான் பேசுவான், எண் பெரிதாகத் தெரியுமல்லவா? 100 எம்பிபிஎஸ் என்று அவன் முழங்கினால், அதை அரைக்காலால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கைக்கு வருவது நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்.

இந்தக் கணக்கு பக்கத்துச் சிவகாசிக்கு எதற்கு? ஊர் எழுந்ததே தகவல் கடத்தித்தான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய், தீப்பெட்டித் தொழிலைத் தலைக்குள் ஏற்றிக்கொண்டு ரயிலில் திரும்பினார்கள். அந்த டவுன்லோடு முடிய மாதக்கணக்கானது, ஆனால் நடுவில் லைன் கட்டாகவில்லை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு லித்தோ அச்சகம் வந்தது. பட்டாசு, காலண்டர் என்று அச்சு வேலை பெருகியது. மருந்துக்கு மழை வேண்டாம், மைக்கும் மழை வேண்டாம். வானம் பார்த்த பூமியில் வானம் ஏமாற்றியதையே முதலாகப் போட்ட ஊர் இது.

கல்லிலும் பிலிமிலும் இருந்த முருகன் 1990களில் டிடிபி சென்டரின் கம்ப்யூட்டருக்குள் குடியேறினார். 15க்கு 20 இஞ்ச் காலண்டர், இஞ்சுக்கு 300 புள்ளி, நாலு கலர், புள்ளியில் கலருக்கு ஒரு பைட். பெருக்கிப் பாருங்கள்: 10 கோடியே 80 லட்சம் பைட், அதாவது சரியாக 108 மெகாபைட். எந்த எஞ்சினியரும் திட்டமிடவில்லை, அவராகவே எடுத்துக்கொண்ட எண்.

ஃப்ளாப்பியில் ஏற்றினால் எழுபதுக்கு மேல் தேவை. ஐம்பத்து மூன்றாவது ஃப்ளாப்பி படிக்காது என்பது உலக நியதி. 100 எம்பி ஜிப் டிஸ்க் வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். 100 போற்றி உள்ளே போனது, மிச்சம் எட்டு வாசலில் நின்றது. 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 9.6 கிலோபிட் மோடத்தில் இந்த முருகன் வந்து சேர 25 மணி நேரம் ஆகும், அதுவும் வீட்டில் யாரும் போனை எடுக்காமல் இருந்தால்.

ஜெயித்தது பஸ்தான். ஒரு 650 எம்பி சிடியைப் பழைய தினத்தாளில் சுற்றி, சென்னையில் ராத்திரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், பன்னிரண்டு மணி நேரத்தில் சிவகாசி. வகுத்தால் நொடிக்கு 126 கிலோபிட். ஐஎஸ்டிஎன் என்று தனி லைன் இழுத்து, இரண்டு சேனலையும் சேர்த்தால் கிடைப்பது 128. பத்து சிடி கொடுத்தால் பஸ்ஸின் வேகம் பத்து மடங்கு. கண்டக்டருக்கு டீக்காசு மட்டும் அதே.

அன்றைக்கு டிடிபி சென்டரின் பெருமை ஸ்கஸி. ஸ்கேனருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே விரல் மொத்தக் கேபிள், நுனியில் டெர்மினேட்டர் செருகாவிட்டால் கோபித்துக்கொள்ளும். முதல் ஸ்கஸி நொடிக்கு 5 மெகாபைட், ஆழாக்குக் கணக்கில் 40 எம்பிபிஎஸ். ஆக இன்றைய 100 எம்பிபிஎஸ் ஃபைபர் என்பது இரண்டரை ஸ்கஸி. அன்று பக்கத்து மேசையிலிருந்து 22 நொடியில் நகர்ந்த முருகன், இன்று சென்னையிலிருந்தே 9 நொடிக்குள் வந்துவிடுவார். ஒரு ஜிகாபிட் லைன் 125 மெகாபைட். கம்ப்யூட்டர் வயிற்றுக்குள் பட்டையாகச் சுருண்டு கிடந்த கடைசி ஐடிஇ கேபிள் 133, ஒரு நூல் முந்திவிட்டது.

அதற்குப் பின் வந்த சாட்டாவில் எட்டால் வகுத்தால் கணக்கு உதைக்கும். 1.5 ஜிகாபிட் என்பார்கள், கிடைப்பது 150 மெகாபைட். ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் இரண்டு பிட் கூடவே போகிறது, சிக்னல் பிசகாமல் இருக்க. தரகு என்று சொன்னால் விருதுநகரில் அடுத்த கேள்வி வராது.

இப்போது ஃபைபர் வந்துவிட்டது. ஆடி 18க்கு காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் குவிகிற நேரத்தில் பார்ட்டி போன் செய்கிறார்: “தம்பி, முருகன் படம் வாட்ஸ்அப்ல போட்ருக்கேன், அப்படியே பெருசா அடிச்சுருங்க.” வந்த படத்தை அளந்தால், ஒரே ஃப்ளாப்பியில் பத்து முருகனை உட்காரவைக்கலாம்.