எல்லாத்துக்கும் ‘ஓம்’ போட்ட மோனுக்கு

வா ராசா, இரு. தேத்தண்ணியைக் குடி. உன்ர மெசின் எழும்ப இன்னும் நேரம் கிடக்கெல்லே. லினக்ஸ் கேர்ணல் கட்டேக்குள்ள மெமரி டிபக் பட்டியலில இருந்த அத்தனை ஒப்ஷனுக்கும் ‘ஓம்’ எண்டு போட்டுவிட்டியாம், உன்ர மனிசி சொன்னவ. நல்ல பிள்ளை. ஒரு ஒப்ஷன்ர மனமும் நோகப்பண்ணேல்லை.

ஒஸ்லோக் குளிருக்குள்ள தொப்பியோட குந்தியிருக்கிற வடமராட்சிக் கமக்காரனுக்கு உது என்ன விளங்கும் எண்டு நினைப்பாய். எனக்குக் கேர்ணல் தெரியாது மோனே, வேலிச் சண்டை தெரியும். ஊரில ஒரு கிளுவங் கதியால் அரையடி நகர்ந்தாக் காணும், அப்பன் தொடங்கின வழக்கை மகன் பேசி முடிப்பான். உன்ர மெமரிக்குள்ளயும் அதுதானே நடக்குது? ஒருத்தன் தனக்கு அளந்து தந்த துண்டைத் தாண்டி எழுதுறான். மற்றவன் திருப்பிக் குடுத்த காணிக்குள்ள பிறகும் போய் மாங்காய் பிடுங்குறான்.

இந்த ரெண்டு பேரையும் பிடிக்கத்தான் காஸன் எண்ட ஒப்ஷன். 2015 இல கேர்ணல் 4.0 ஓட வந்தது. எட்டு பைற்றுக்கு ஒரு பைற் கணக்கு எழுதி வைக்கும், அதால மெமரியில எட்டில ஒரு பங்கு அதுக்கே போயிடும். வேகமும் படுத்திடும். சோதனை மெசினுக்கு அது தங்கம். வாடிக்கையாளன்ர சேர்வரில போட்டா அவன் உனக்குப் போன் எடுப்பான்.

அவன்ர சேர்வரிலதான் பிழை வருகுது எண்டால் கேஃபென்ஸைப் போடு. 2021 இல 5.12 ஓட வந்த ஆள். எல்லாரையும் காவல் காக்க மாட்டார். நூறு மில்லிசெக்கனுக்கு ஒருக்கா ஒரு ஒதுக்கீட்டை மட்டும் எடுத்து, தொட்டாக் கத்துற மெமரிப் பக்கங்களுக்கு நடுவில வைப்பார். மொத்தம் 255 பொருள், ரெண்டு மெகாபைற் அளவில இடம், அவ்வளவுதான் கேக்கிறார். ஆயிரம் மெசினில மாதக்கணக்கா ஓடினாக் கள்ளன் அம்பிடுவான். உன்னட்டை இருக்கிறது மூண்டு மெசின். பொறுமை இருக்கோ?

இன்னொரு கள்ளன் இருக்கிறான். ஒண்டும் எழுதாத இடத்தை எழுதினது மாதிரி வாசிக்கிறவன். அவனைப் பிடிக்க வலை பின்னினது ஆர் தெரியுமே? இந்த ஊர்ப் பெடியன்தான். வெகார்ட் நொஸ்ஸும். ஒஸ்லோ பல்கலைக்கழக இன்போமற்றிக்ஸ் துறை மின்னஞ்சல் முகவரியைப் போட்டு எழுதினவன். நீ ரெயினில நித்திரை கொண்டு போற அதே பிளின்டர்ன் பக்கம். அந்த வலைக்குக் கேமெம்செக் எண்டு பேர், 2009 இல 2.6.31 ஓட கேர்ணலுக்குள்ள போனது. பக்கம் இல்லை எண்டு புரொசசருக்குப் பொய் சொல்லும். அங்க தொட வாறவனை மறிச்சு, கணக்கைப் பாத்து, ஒரு கட்டளையை மட்டும் ஓடவிட்டு, திரும்பப் பூட்டும். ஒவ்வொரு தொடுகைக்கும் இந்தக் கூத்துத்தான். பைற்றுக்குப் பைற் நிழல் வேற வைக்கும். எத்தினை கோர் இருந்தாலும் ஒண்டைத்தான் ஓடவிடும். ஆமை கூட நிண்டு பாத்துச் சிரிக்கும். ஆனா அந்த ஆமை வேகத்திலயும் பிழைகளைப் பிடிச்சதைச் சொல்லாமல் விட்டா நான் நன்றி கெட்டவன்.

2017 இல அதைப் பிடுங்கி எறிஞ்சாங்கள், 4.15 இல இல்லை. காஸன் இருக்கு, இது என்னத்துக்கு எண்டு கதை. நல்ல கதை. காஸன் வேலியைப் பாக்கும், எழுதாத இடத்தை வாசிக்கிறவனைப் பாக்காதே! அவன் பிரதான கேர்ணலுக்குள்ள கொஞ்சக் காலம் சுகமாத் திரிஞ்சான். 2022 கடைசியில 6.1 ஓட கேஎம்ஸன் வந்துதான் திரும்பப் பிடி போட்டது. அதுக்குக் கிளாங் கொம்பைலர் வேணும். நீ ஜிசிசியைத் தவிர மற்றதைத் தொடமாட்டன் எண்டு நிக்கிற வீரன்.

அதை விடு. எல்லாத்துக்கும் ஓம் போட்டனான் எண்டு பீத்துறாயே, காஸனுக்கு ஓம் போட்ட கையோட கேஎம்ஸன் பட்டியலிலயே நிக்காது. ரெண்டும் ஒண்டா இருக்க மாட்டினம். அப்ப நீ எதுக்கு ஓம் போட்டாய்?

பேஜ் ஓனருக்கும் ஓம் போட்டியாம். எந்தப் பக்கத்தை ஆர் வாங்கினவன் எண்டு அது சொல்லும், நல்ல சாமான். ஆனாக் கட்டேக்குள்ள ஓம் போட்டா மட்டும் காணாது. பூட் வரியிலயும் எழுப்பிவிட வேணும், இல்லாட்டி அது பேசாமல் கிடக்கும். உன்ர பூட் வரியைப் பாத்தனான், வெறும் வரி.

இப்ப பெரியப்பா சொல்லுறன், கேளன். எந்தச் சாமான் உடையுது எண்டு உனக்கு அரைகுறையாத் தெரியும்தானே? ஸ்லப் டிபக்கை அந்தச் சாமான் இருக்கிற ஒரு காஷுக்கு மட்டும் பூட் வரியில போடு. மற்றதெல்லாத்தையும் நிப்பாட்டு. விடுவிச்ச இடத்தை நஞ்சு போட்டு நிரப்பச் சொல்லு. லொக்கில 6பி 6பி 6பி எண்டு வரிசையா வந்தா, திருப்பிக் குடுத்த காணிக்குள்ள ஆரோ நிக்கிறான் எண்டு அர்த்தம். வன்பொருளைத் திட்டாதை, ராம் குச்சியைக் கழட்டித் துடைக்காதை. விடுவிச்ச வரியைத் தேடு. அந்த வரியை எழுதினது ஆர் எண்டு கிட் பிளேம் பேரோட சொல்லுமாமே. அதை உன்ர மனிசி இல்லாத நேரமாப் பாத்து அடி.