அரைப் பேர் அழகி

தேயிலைப் பக்கெட்டில் சிரிக்கிறாளே, அவளைப் போல நல்ல பிள்ளை கிடையாது. மழையில் நனையமாட்டாள், வியர்க்கமாட்டாள், சம்பளம் கேட்கமாட்டாள். நெற்றியில் பொட்டு, கை நிறைய வளையல், முதுகில் பிரம்புக்கூடை, கூடையில் ஒரு பிடி கொழுந்து. இடுப்போடு படம் முடிந்துவிடும். காலைக் காட்டினால் அட்டை கடித்த தழும்பையும் காட்ட வேண்டுமே.

ஹட்டன் பக்கம் விடியலில் பெரட்டுக்குப் போகிற அக்காமார் இந்த அழகிப் பரீட்சையில் ஃபெயில். இடுப்பில் படங்கு, தலையில் துண்டு, விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறுப்பு. பல தோட்டங்களில் பிரம்புக்கூடை போய் நைலோன் பை வந்துவிட்டது. அதனால் படமெடுக்க வருபவர்கள் கூடையைக் கையோடு கொண்டுவர வேண்டியிருக்கிறது. அப்படியே கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைத்தோல் பிள்ளையையும் வானில் ஏற்றிக்கொண்டால் வேலை லேசு. ஹோட்டல் விருந்தாளிகளுக்கும் சேலை கட்டிவிட்டுக் கொழுந்து கிள்ள வைக்கிறார்கள். கிலோ குறைந்தால் அவர்களுக்கு யாரும் அரைப் பேர் போடுவதில்லை. எங்கள் பெண்களுக்குப் போடுவார்கள். அன்றைய கூலியில் பாதி போச்சு.

நிறம் பார்த்து மதிக்கும் இந்த வியாதி பழையது. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் படமெடுத்தவர். வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியரை மாதா வேஷத்தில் நிறுத்தினார். அவள் பேர்கூடப் புத்தகங்களில் இருக்கிறது. 1875இல் இலங்கைக்கு வந்தார். மகன்களுக்கு இங்கே கோப்பித் தோட்டம். களுத்துறையில் மரியான் நோர்த் என்ற வெள்ளைக்கார ஓவியரை எடுத்த படத்துக்குப் பேர் உண்டு. அதே கமராவுக்கு எதிரே நின்ற கறுத்த பெண்களோ வெறும் ‘இலங்கைப் பெண்’, ‘களுத்துறைக் குடியானவர்’. அம்மையார் 1879இல் கண்மூடி, பொகவந்தலாவைத் தேவாலயத்து மண்ணில் இருக்கிறார். கல்லறையில் பேர் தெளிவாகப் பொறித்திருக்கிறது.

பேர் கொடுக்காதவர்கள் நாடு மட்டும் கொடுப்பார்களா? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு லட்சக்கணக்கான தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று தலையெண்ணிப் பிரித்தார்கள். அந்தக் காலம் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் சிலோன் தேயிலையோடு உலகம் சுற்றியது. படத்துக்கு எந்த நாட்டிலும் விசா மறுக்கவில்லை. படத்திலிருந்தவள் கள்ளத்தோணி.

இன்னும் கேளுங்கள். லிப்டன் தேயிலை பல பத்தாண்டுகள் யுனிலீவர் கம்பனியின் சொத்து. 2022இல்தான் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை விற்றுத் தலைமுழுகியது. 1975இல் இந்தியாவில் பிறந்த ஃபெயார் அன்ட் லவ்லியும் அதே வீட்டுப் பிள்ளை. வெயிலில் நின்று தாய் கறுத்தால் அது தேயிலை லாபம். அந்தக் கறுப்பு அசிங்கம் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அது கிறீம் லாபம். 2020இல் உலகமே திட்டியதும் ‘ஃபெயார்’ போய் ‘குளோ’ வந்தது. லயத்துக் கடையில் தொங்கும் பக்கெட்டுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. பெண்பார்க்க வருகிறவனின் தாய் கேட்கும் முதல் கேள்வி ஆயிற்றா? “பிள்ள நெறமா?”

நாட்கூலி 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை தெருவில் நின்றோம். 2024இல் 1,350. ஒவ்வொரு முறையும் கம்பனிக் கனவான்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது என்று கண்ணீர் விடுவார்கள்.

சரி, விடுங்கள், உங்களை நம்புகிறோம். நட்டத்தில் ஓடும் கம்பனிக்கு இலவச மாடல் எதற்கு? நாளையிலிருந்து அவள் படத்தை எடுத்துவிட்டு, பேச்சுவார்த்தை மேசையில் அழுத அந்த ஐயாமாரின் முகங்களைப் பக்கெட்டில் அச்சடியுங்கள். டையும் தொந்தியுமாக, கூடையை முதுகில் மாட்டி, பல் தெரியச் சிரிக்க வைத்து. லண்டனில் எத்தனை பக்கெட் விற்கிறது, பார்ப்போம்.